பதினோரு செகண்டு

கதவுக்கு அடியில ரப்பர் தேஞ்சு போயிருக்கு. அதனால படம் வெளியில கேக்குது. வசனம் கேக்காது, அடிச்சத்தம் மட்டும்தான், மேல் வீட்டுல யாரோ மாவு இடிக்கிற மாதிரி தும் தும்முனு. எனக்கு அது போதும். எட்டு மாசம் இந்தப் படத்தோட குடித்தனம் பண்ணினவ நான், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எந்த நிமிஷத்துல எது வரும்னு சொல்லிடுவேன். இப்ப நாற்பத்தொம்பதாவது நிமிஷம். இன்ஸ்பெக்டர் பைக்க உதைக்கிறான், கிளம்பல, மறுபடி உதைக்கிறான், கிளம்பிடுச்சு. இன்னும் பதினெட்டு நிமிஷம். பதினெட்டு நிமிஷம் கழிச்சு திரையில ஜெசிந்தா வருவா. உள்ள அஞ்சு பேர் உக்காந்திருக்காங்க, சென்சார் ஆபீசர் ஒருத்தர், மெம்பருங்க நாலு பேர், ஆளுக்கொரு பேடு, ஆளுக்கொரு பேனா. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தராவது ஜெசிந்தா சீனைப் பாத்துட்டு சீச்சீன்னு முகம் சுளிக்கணும், வெட்டுன்னு எழுதணும், கடவுளே, ஒரே ஒருத்தர் போதும். இருபத்திரண்டு வருஷமா எடிட்டரா இருக்கேன். எத்தனையோ சென்சார் வாசல்ல உக்காந்திருக்கேன். எல்லாத் தடவையும் வெட்டு விழக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டவ, இன்னிக்கு விழணும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். காலையில சாப்பிட்ட ரெண்டு இட்லியும் நெஞ்சுக்குள்ளயே நிக்குது.

எதிர் பெஞ்சுல தயாரிப்பாளர் ஆவுடையப்பன் கண்ண மூடிக்கிட்டிருக்கார், சட்டைப் பையில திருச்செந்தூர் விபூதிப் பொட்டலம் துருத்திக்கிட்டு நிக்குது. டைரக்டர் முகில் நடக்கிறான், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். அவனுக்கும் கவலைதான், ஆனா அவன் கவலை வேற. அவனுக்கு அந்தக் கொலை தப்பிக்கணும். எழுபத்தொண்ணாவது நிமிஷத்துல நாலு நிமிஷக் கொலை, மியூசிக்கே கிடையாது, குழாய் சொட்டற சத்தம் மட்டும், கேஸ் அடுப்பு ரிப்பேர் பண்ண வர்ற ஆள் சுத்தியல எடுக்கிறான். ஊர்ல ஏழு பொண்ணுங்களக் கொன்னவன், எட்டாவதா ஜெசிந்தா வீட்டுக்கு வர்றான். முகில் மூணு வருஷமா அந்த நாலு நிமிஷத்த மனசுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டிருந்தவன். "அக்கா, ஏன் இப்படி விறைச்சுப்போய் உக்காந்திருக்கீங்க? பொண்ணு பாக்க வந்த மாதிரி" என்கிறான். சிரிச்சு வச்சேன். ஃபோன் மடியில அதிருது, பாக்க மாட்டேன், யாருன்னு தெரியும், பாத்துட்டேன். "அக்கா இன்னிக்குத்தான சென்சார்? எனக்கு ஃப்ரீ பீரியடு." அதுக்கு மேல நேத்து அனுப்பினது இருக்கு. "ப்ளஸ் டூ பசங்க டிரெய்லர் பாத்துட்டு கை தட்டுதானுவ. ஸ்டாஃப் ரூம் மொத்தமும் மொத நாளே போறாங்களாம். எச்.எம். சிஸ்டரும் வாராங்களாம்க்கா!!!" மூணு ஆச்சரியக்குறி. ஜெசிந்தாதான். தூத்துக்குடியில பிசிக்ஸ் எடுக்கிற டீச்சர், சம்பளமில்லாத லீவு போட்டுட்டு வந்து நடிச்ச பொண்ணு, முப்பது நாள் நடிச்சிட்டு மறுபடி சாக்பீஸ் எடுத்துக்கிட்டவ. ஃபோனக் கவுத்து வச்சேன்.

டப்பிங் தியேட்டர்ல நடந்தது அப்படியே கண்ணுக்குள்ள இருக்கு. மைக்குக்கு முன்னாடி நின்னு சொந்தக் குரல்ல பேசிக்கிட்டே வந்தவ, அந்த இடம் வந்ததும் நிறுத்திட்டா. திரையில அவ, திரைக்கு முன்னாடியும் அவ. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்க ஆறு பேர். ஹெட்ஃபோனக் கழட்டி வச்சுட்டு வெளிய வந்து என் முழங்கையப் பிடிச்சா. "அக்கா, இது நடிச்சது இல்லக்கா. இது வரக்கூடாதுக்கா." அவ பேசி வச்சுக்கிட்டது தோள் வரைக்கும்தான். புருஷனோட இருக்கிற சீன், ஜன்னல் வழியா கொலைகாரன் பாக்கிறான், தோளுக்குக் கீழ போர்வை, போர்வைக்கு உள்பக்கம் டேப்பு. கையெழுத்துப் போட்ட பேப்பர்லயே அப்படித்தான் இருக்கு. டேப்பு விட்டுப்போச்சு. யார் தப்பும் இல்ல, லைட்டுச் சூடு, வேர்வை. அன்னிக்கே அவளைக் கூட்டிக்கிட்டு என் ரூமுக்குப் போனேன், அவ கண்ணு முன்னாடியே அந்தத் துண்டத் தூக்கினேன், ஓட்டிக் காமிச்சேன். "பாத்தியா? போயிடுச்சு. இனிமே அது இல்ல." அவ என்ன சொன்னா தெரியுமா? "எடிட்டிங்ல ஒரு பொம்பள இருக்காங்கன்னு தெரிஞ்சுதான்க்கா எங்கம்மா விட்டாங்க." அதச் சொல்லிட்டு பையிலேருந்து ஒரு பொட்டலம் மக்ரூன் எடுத்து மேஜை மேல வச்சுட்டுப் போனா. நான் தின்னேன். எல்லாத்தையும் நானேதான் தின்னேன்.

அப்புறம் பத்து நாளைக்கு முன்னாடி முகில் வந்தான். "அக்கா, ஒரு காவு வேணும்" என்றான். காவுன்னா என்னன்னு இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். வர்றவங்க எதையாவது வெட்டிட்டுத்தான் போவாங்க, அதனால வெட்டறதுக்குன்னே ஒண்ண முன்னாடி கட்டி வைக்கணும், அது அவங்க கண்ணுல நல்லா குத்தணும், அத வெட்டின திருப்தியில பின்னாடி வர்றத விட்டுடுவாங்க. கொலை பிழைக்கணும்னா அதுக்கு முன்னாடி ஒரு காவு. மூணு நாலு படத்துல நானே பண்ணியிருக்கேன், எப்பவும் தப்பினதில்ல. "ஜெசிந்தா துண்டப் போடுங்க" என்றான். மாட்டேன்னேன். வாக்குக் குடுத்திருக்கேன்டான்னேன். "அக்கா, யோசிச்சுப் பாருங்க, அது படத்துல வரவே வராது. அஞ்சு பேர் பாப்பாங்க, அஞ்சு பேரும் பெரியவங்க, வெட்டுன்னு எழுதுவாங்க, போயிடும். உங்க வாக்க சர்க்காரே காப்பாத்திக் குடுக்கும்." எவ்வளவு அழகாப் பேசறான் பாருங்க. நானும் சரின்னேன். அத்தோட நின்னிருந்தாலும் பரவாயில்ல. அவன் போட்ட இடத்துல அது ஒட்டவே இல்ல, பழைய புடவையில புதுத் துணி வச்சுத் தச்ச மாதிரி துருத்திக்கிட்டு நின்னுச்சு. காவுன்னா அப்படித்தான் நிக்கணும், தமயந்தி, அதான்டி அதோட வேலையேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா எனக்குப் பொறுக்கல. சாயங்காலம் வரைக்கும் அதையே பாத்துக்கிட்டிருந்தேன். கை ஊறுச்சு. முன்னாடி ரெண்டு ஃப்ரேம் எடுத்தேன், அடியில குழாய் சொட்டற சத்தத்த இழுத்து விட்டேன், அவ திரும்பற இடத்துல கொலைகாரன் செருப்புச் சத்தம் ஒண்ணு வச்சேன். அவ்வளவுதான். ஒட்டிக்கிச்சு. இப்ப அது காவு மாதிரியே இல்ல, கதை மாதிரி இருக்கு. மோசமா வெட்ட எனக்கு வராது, அது என் வியாதி. முகில் பாத்துட்டு, "அய்யோ அக்கா, இத வெட்டினா நானே அழுவேன்" என்றான். அப்பவே எடுத்திருக்கலாம். எடுக்கல.

அறுபத்திரண்டாவது நிமிஷம், கல்யாண மண்டபப் பாட்டு, தவில் சத்தம் மட்டும் தரையில வருது. இதுக்குள்ள யாராவது வெளிய வந்தா என்ன பண்றதுன்னு நினைக்கிறேன், நினைச்ச மாத்திரத்துல கதவு திறக்குது. நெத்தியில நாமம் போட்ட பெரியவர், எழுபது இருக்கும், சத்தியமா இவரைத்தான் நான் நம்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். காலையில படிக்கட்டுல ஏறும்போது போஸ்டர்ல ஜெசிந்தா தோளைப் பாத்துட்டு "ராமா"ன்னு சொன்ன மனுஷன்.

"டாய்லெட் எந்தப் பக்கம்மா?"

"நேராப் போய் வலது பக்கம் சார். சீக்கிரம் வந்துடுங்க சார், முக்கியமான இடம் வரப்போகுது."

"என்ன, கொலையா?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு சார்."

"எனக்கு ரத்தம் ஆகாதும்மா. சுகர் வேற. சித்த காத்தாட நின்னுட்டு வரேன், அவா பாத்துப்பா."

போறார். மெதுவா, செருப்ப இழுத்துக்கிட்டு, சுவத்துல மாட்டியிருக்கிற பழைய படத்து ஃபோட்டோ ஒவ்வொண்ணையும் நின்னு படிச்சுக்கிட்டுப் போறார். அறுபத்து நாலு. சார், போங்க சார். அறுபத்தஞ்சு. தண்ணி கொட்டற சத்தம் கேக்குது, முகம் கழுவறார், மறுபடி கழுவறார். ஓடிப்போய் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து நாற்காலியில உக்கார வச்சு, பாருங்க சார், உங்களுக்காகத்தான் வச்சிருக்கோம்னு சொல்லணும் போல இருக்கு. முகில் சிரிக்கிறான். "போச்சுக்கா, நம்ம நரசிம்மம் பாத்ரூம்ல மாட்டிக்கிச்சு." எனக்கு அவனை அறையணும் போல இருக்கு. அறுபத்தாறு. ஜன்னல். சில்வண்டு. ஜெசிந்தா சிரிக்கிறா, அது நடிப்பு, நல்லா சிரிப்பா. அறுபத்தேழு.

வந்துடுச்சு. தரை வழியா ஒரு சொட்டு, ரெண்டாவது சொட்டு. ஒண்ணு. ரெண்டு. போர்வை நழுவுது. மூணு. ஷூட்டிங் அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன், ஈஞ்சம்பாக்கத்து வீட்டுல, ஸ்பாட் எடிட்டிங்குக்காக மடியில லேப்டாப்பு, காதுல ஹெட்ஃபோன். ஆள் குறைச்சு எடுத்த சீன், காஸ்ட்யூம் பொண்ணக்கூட வெளிய அனுப்பிட்டான் முகில், ஆம்பளைங்க நாலஞ்சு பேர், பொம்பளைன்னு நான் ஒருத்திதான். நாலு. 'கட்'டுன்னு முகில் சொல்லியாச்சு, கேமராமேன் நிறுத்தல, அவர் எப்பவும் கொஞ்சம் ஓட விடுவார், அப்படி ஓடினதுல எத்தனையோ நல்ல துண்டு எனக்குக் கிடைச்சிருக்கு. 'ஆக்‌ஷன்' சொல்றதுக்கு முன்னாடி மூச்சு விடறது, 'கட்'டுக்கு அப்புறம் முகம் கலையறது, அதெல்லாம் பொறுக்கி எடுக்கறதுதான் எங்க சாமர்த்தியம். அஞ்சு. அவ போர்வையப் பிடிச்சு இழுக்கிறா, அது புருஷனா நடிச்சவன் முட்டிக்கு அடியில மாட்டிக்கிச்சு, வரல. ஆறு. இடது பக்கமாத் திரும்பறா. கொலைகாரன் செருப்புச் சத்தம், நான் வச்சது. ஏழு. அந்தப் பார்வை. அந்தப் பார்வைய நான் எத்தனை தடவ ஓட்டியிருப்பேன், முன்னாடி, பின்னாடி, ஃப்ரேம் ஃப்ரேமா. எட்டு. அவளுக்கு மூணடி தூரத்துல உக்காந்துக்கிட்டு அவளைப் பாக்காம லேப்டாப்புல அவளைப் பாத்துக்கிட்டிருந்தேன். ஒம்பது. நல்ல ரியாக்‌ஷன்னு தோணுச்சு. கீயத் தட்டி மார்க் பண்ணினேன். விரல் தானாப் போச்சு. பத்து. வேணாம், அதுக்கு மேல வேணாம். முடிஞ்சுது. கதவுக்குள்ள யாரும் இருமலயே, யாரும் ஒண்ணும் சொல்லலயே. பெரியவர் இப்பத்தான் கைக்குட்டையால முகத்தத் துடைச்சுக்கிட்டு வர்றார். "முடிஞ்சுதாம்மா?" என்கிறார். "முடிஞ்சுது சார்" என்றேன்.

எழுபத்தொண்ணு. இனிமே கொலை. குழாய். நாலு நிமிஷம் யாரும் பேச மாட்டாங்க, முகில் சுவத்துல நெத்திய வச்சுக்கிட்டு நிக்கிறான். எனக்கு ஏன் இப்ப திண்டுக்கல் தியேட்டர் ஞாபகம் வரணும்? பெண்கள் பக்கத்து மர பெஞ்சு, எட்டாவது படிக்கிறேன், திரையில ரெண்டு பேர் நெருங்கினா போதும், ஆப்பரேட்டர் லென்ஸுக்கு முன்னாடி கையக் காட்டி மறைச்சுடுவார். திரை பூரா சிவப்பா அஞ்சு விரல் தெரியும். ஆம்பளைங்க பக்கம் விசிலு, கெட்ட வார்த்தை. நானும்தான் அவரைத் திட்டினேன், மனசுக்குள்ள, விரல் இடுக்குல என்ன தெரியுதுன்னு பாத்துக்கிட்டே. ஒரு ஆளாவது கைய வச்சு மறைச்சார். நான் என் கைய... விடு. அத நினைக்காத. அவங்க வெட்டிடுவாங்க. பெரியவர் இல்லாட்டி என்ன, இன்னும் நாலு பேர் இருக்காங்களே, அந்தக் கண்ணாடி போட்ட அம்மா இருக்காங்க, கதர்ப் புடவை, கறாரான முகம், ஏதோ காலேஜ்ல புரொபசரா இருந்தவங்களாம். அந்த அம்மா விடமாட்டாங்க. விட்டா? விட்டா என்ன ஆகும்? எச்.எம். சிஸ்டர் பாப்பாங்க. ஸ்டாஃப் ரூம் பாக்கும். ஏ படம்னா பசங்களுக்கு டிக்கெட் கிடைக்காது, ஆனா ஒரே வாரத்துல அந்தப் பதினோரு செகண்டு மட்டும் தனியா ஃபோன் ஃபோனாப் போகும், அவ போர்டுல ஃபார்முலா எழுதத் திரும்பும்போது பின்னாடி பெஞ்சுல சிரிப்புச் சத்தம் கேக்கும். நான்தான் அழகா வெட்டிக் குடுத்திருக்கேனே, முன்னாடியும் பின்னாடியும் சுத்தமா. ஃபோன் அதிருது. "அக்கா என்னாச்சு?" கொஞ்ச நேரம் விட்டு, "அந்த சீன் இல்லைல்லா?" நான் 'இல்ல'ன்னு அடிச்சேன், அழிச்சேன், அடிச்சேன், அழிச்சேன். அவளுக்குத் திரையில புள்ளி புள்ளியாத் தெரிஞ்சிருக்கும். அக்கா ஏதோ எழுதறாங்க, எழுதறாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்திருப்பா.

படம் முடிஞ்சு அவங்க உள்ளயே பேசினாங்க, நாற்பது நிமிஷம். நல்ல சகுனம்னு நினைச்சேன். சண்டை போடறாங்க, வெட்டறாங்க. கதவு திறந்து கூப்பிட்டாங்க. உள்ள ஏசி ஆளைக் கொல்லுது. ஆபீசர் நல்ல மனுஷன், தண்ணி குடுக்கச் சொன்னார்.

"வயலன்ஸ் ஜாஸ்தி, ஆனா கதை அப்படி. ஏ சர்டிஃபிகேட். சம்மதமா?"

"சம்மதம் சார்" என்றான் முகில்.

"புகை பிடிக்கிற இடத்துல எச்சரிக்கை வரி பொடி எழுத்துல இருக்கு, பெருசாக்குங்க. இன்ஸ்பெக்டர் ஒரு கெட்ட வார்த்தை சொல்றார், அத மியூட் பண்ணிடுங்க. அவ்வளவுதான். வெட்டு இல்ல."

வெட்டு இல்ல. ஆவுடையப்பன் விபூதிப் பொட்டலத்தத் தொட்டுக்கிட்டார். எனக்கு ஏசி சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஆபீசர் சிரிச்சுக்கிட்டே, "அந்தப் படுக்கையறை சீன்லதான் எங்களுக்குள்ள பெரிய தகராறு. மேடம்தான் ஒத்துக்கல" என்றார். கண்ணாடி போட்ட அம்மா முன்னாடி சாஞ்சாங்க. "அதுல ஆபாசம் எங்க இருக்கு? அந்தப் பொண்ணு போர்வைய இழுத்துக்கிட்டே திரும்பிப் பாக்குது பாருங்க, அந்த ஒரு பார்வையிலதான் அவன் வீட்டுக்குள்ள வந்துட்டான்னே எனக்குத் தெரிஞ்சுது. உடம்பு நடுங்கிப்போச்சு. புதுசா அந்தப் பொண்ணு? என்னமா நடிச்சிருக்கு!" முகில் மேஜைக்கு அடியில என் கையப் பிடிச்சு அழுத்தினான். சந்தோஷத்துல அழுத்தறான், முட்டாப் பய. கொலையும் பிழைச்சுது, காவும் பிழைச்சுது. இப்ப நான் பேசாம எழுந்து வெளிய போகலாம். சென்சார்ல விட்டுட்டாங்கம்மா, நான் என்ன பண்றதுன்னு அவகிட்ட சொல்லலாம். நம்புவா. அவ எல்லாத்தையும் நம்பறவ.

"அது நடிப்பு இல்ல மேடம்" என்றேன்.

என் குரல் எனக்கே யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. முகில் கைய எடுத்துட்டான்.

"'கட்' சொன்னப்புறம் ஓடினது. டேப்பு விட்டுப்போச்சு, அவ மூடிக்கப் பாக்கிறா. எடுத்தாச்சுன்னு அவகிட்ட நான் சொல்லியிருக்கேன். நீங்க வெட்டுவீங்கன்னு நம்பித்தான் வச்சோம். தயவு செஞ்சு வெட்டச் சொல்லுங்க."

"அக்கா டயர்டா இருக்காங்க சார், ரெண்டு நாளாத் தூக்கமில்ல" என்று முகில் எழுந்தான். ஆபீசர் கையக் காட்டி உக்கார வச்சார். பேனாவ மூடிட்டார். "நாங்க வெட்டலைன்னு முடிவு பண்ணியாச்சும்மா. நீங்களா எடுக்கறதா இருந்தா தயாரிப்பாளர் எழுதிக் குடுக்கணும்." எல்லாரும் ஆவுடையப்பனப் பாத்தாங்க. அவர் என்னையே பாத்துக்கிட்டிருந்தார். இப்படி ஒரு பார்வைய அவர்கிட்ட நான் பாத்ததில்ல.

"எத்தனை செகண்டும்மா?"

"பதினொண்ணு."

"இது உள்ள இருக்கது அந்தப் புள்ளைக்குத் தெரியாதுல்லா?"

"தெரியாது."

"எடுத்தாச்சுன்னு சொன்னது நீங்கதான?"

"நான்தான்."

ஆவுடையப்பன் ஆபீசர் பக்கம் கைய நீட்டினார். "பேப்பர் குடுங்க சார். எங்கன எழுதணும்?" முகில் நாற்காலியத் தள்ளிட்டு வெளிய போனான், கதவு பெரிசா அடிச்சுச்சு. அவர் எழுதறார், மெதுவா, ஒவ்வொரு எழுத்தா, வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டு. போயிடுச்சு. நிஜமாவே போயிடுச்சு. இப்ப ஜெசிந்தாவுக்கு 'இல்ல'ன்னு அடிச்சா அது பொய் இல்ல. ஆனா நெஞ்சுல இருக்கிறது இறங்கலயே, ஏன் இறங்கல? கண்ணாடி போட்ட அம்மா கண்ணாடியக் கழட்டித் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. அவங்க முகத்துல இப்ப கறார் இல்ல, வேற என்னவோ இருந்துச்சு. மறுபடி மாட்டிக்கிட்டு என்னைப் பாத்தாங்க.

"ஒண்ணு கேக்கறேன். அது நடிப்பு இல்லைன்னா, அந்தப் பொண்ணு அப்படித் திரும்பி யாரைப் பாக்குது?"

"என்னைத்தான் மேடம்" என்றேன். "போத்திக்கத் துண்டு கேக்கிறா. என் நாற்காலியிலதான் தொங்குச்சு. பன்னெண்டாவது செகண்டுல துண்டோட என் கை ஃப்ரேமுக்குள்ள வரும். அதுக்கு முன்னாடி வெட்டிட்டேன்."